புத்தகம் வந்து ஐந்து கிழமை, நித்திரை இல்லை

கேள்வி:

நான் யாழ்ப்பாணம் வலிகாமத்தில் இருக்கிற ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர். வயது 61. 95இல சண்டைக்குள்ள வலிகாமமே ஊரைவிட்டுக் கிளம்பின இடப்பெயர்வை நடுவாக வைச்சு என்ர வாழ்க்கையை ஒரு புத்தகமா எழுதினன். எட்டு வருசம் எடுத்தது. இடம்பெயர்ந்த அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி நல்லூரில் ஒரு மண்டபத்தில வெளியிட்டம். நல்ல சனம். மதிப்பீட்டுரை செய்தவர் ஒருத்தர் எழுத்துப்பிழையளைப் பக்கம் பக்கமா வாசிச்சார். நான் ஏற்புரைக்கு எழும்பேக்க பாதிச் சனம் போயிட்டுது.

அண்டையில இருந்து ஒரு வெறுமை. இரவு ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. மழை பெய்தால், இடம்பெயரேக்க கடந்த நாவற்குழிப் பாலத்தில நிக்கிற மாதிரியே இருக்கு. எழுதேக்க இப்பிடி இருக்கேல்லை.

ஒவ்வொரு நாளும் ஆக்கள் வருகினம். தங்கட கதையைச் சொல்லி அழுகினம். கேக்கவும் ஏலாமல் இருக்கு, போங்கோ எண்டு சொல்லவும் ஏலாது. கனடாவில, ரொறன்ரோவில இருக்கிற தங்கச்சி கதைக்கிறாளில்லை. அம்மா சாவகச்சேரியில செத்தபோது அவள் பக்கத்தில இல்லை எண்டு எழுதிப்போட்டன். கைக்குழந்தையோட கிளாலியால வன்னிக்குப் போயிருந்தாள். உண்மையைத்தானே எழுதினன்? மச்சான் ஒருத்தர் வழக்குப் போடுவன் எண்டு நிக்கிறார். புலிகள் இயக்கத்தைக் குறைச்சு எழுதினன் எண்டு ஒரு பகுதி, கூட்டி எழுதினன் எண்டு இன்னொரு பகுதி.

புத்தளத்தில இருந்து ஒரு முஸ்லிம் பெண் கடிதம் போட்டிருக்கிறா. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில பிறந்தவ. ‘உங்கட 1990ஆம் ஆண்டு அத்தியாயத்தில ஜாம் போத்தல் விளக்கு இருக்கு, சைக்கிள் டைனமோவில பாட்டுக் கேட்டது இருக்கு. நாங்கள் இல்லை’ எண்டு எழுதியிருக்கிறா. என்ன பதில் எழுதுறது எண்டு தெரியேல்லை.

விக்காத புத்தகம் இருநூறு, படுக்கையறைக்குப் பக்கத்து அறையில அடுக்கிக் கிடக்கு. அந்த அறைக்குள்ள போகவே மனமில்லை. ரொறன்ரோவில பழைய மாணவர்கள் சித்திரையில ஒரு வெளியீடு வைப்பம் எண்டு நிக்கினம். எனக்கு எல்லாத்தையும் நிப்பாட்டினால் போதும் போல இருக்கு. எழுதினது பிழையோ?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

‘எழுதேக்க இப்பிடி இருக்கேல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எட்டு வருடம் அந்தப் பாலத்தை நீங்கள் உங்கள் நேரத்தில் கடந்தீர்கள். பாதிப் பாலத்தில் கொப்பியை மூடிவிட்டு உலை வைக்கப் போகலாம், ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாமல் விடலாம். எந்த வசனத்தில் அம்மா சாக வேண்டும் என்பதைக்கூட நீங்களே தீர்மானித்தீர்கள். இப்போது அந்தப் பக்கத்தை மற்றவர்கள் திறக்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் படலையில் நிற்கிறவர் திறக்கிறார், சந்தையில் மீன் வாங்கும்போது பின்னால் நிற்கிறவர் திறக்கிறார். நினைவுகள் பழையவைதான். அவை எப்போது வர வேண்டும் என்ற அதிகாரம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. என் கணிப்பில் உங்கள் உடம்பு முறையிடுவது இதைத்தான். எழுதியதைப் பற்றிய முறைப்பாடாக எனக்கு அது தெரியவில்லை.

எழுதினால் மனம் ஆறும் என்று எங்கள் உளநலத் துறையில் அடிக்கடி சொல்வோம். அதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் ஆய்வுகளில் முதன்மையானது அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்டது. மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒன்றை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் இன்னும் கனத்துத்தான் போனது. அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போவது குறைந்தது. ஆனால் அந்த எழுத்தை யாரும் அச்சடிக்கவில்லை. அதைப் படித்துவிட்டு எந்தப் பெரியம்மாவும் வீட்டுக்கு வரவில்லை. எழுதுவதால் கிடைக்கும் ஆறுதலை வைத்துக்கொண்டு வெளியிடுவதிலும் அதே ஆறுதல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டும் வேறு வேறு வேலை.

இன்னொன்றும் உண்டு. சிலி நாட்டில் பினோசேயின் இராணுவ ஆட்சிக் காலத்தில் அங்கிருந்த உளவியலாளர்கள் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். வதைபட்டவர் தன் சாட்சியத்தைச் சொல்வார், ஒருவர் கேட்டு எழுதுவார், பிறகு இருவரும் சேர்ந்து வாசித்துத் திருத்தி முழு ஆவணமாக்குவார்கள். 1983இல் இதைப் பற்றிய கட்டுரை வெளிவந்து, பிற்பாடு பல நாடுகளுக்கும் இந்த முறை பரவியது. அதில் முக்கியமான ஆள், பக்கத்தில் இருந்து கேட்கிறவர். உங்கள் மண்டபத்தில் அந்த ஆள் இருந்தாரா? மங்கல விளக்கு இருந்தது, மௌன அஞ்சலி இருந்திருக்கும், முதற்பிரதி வாங்கியவர் கவர் கொடுத்துப் படம் எடுத்திருப்பார். அதன்பிறகு அம்மா செத்த அத்தியாயத்தில் ஒற்று எங்கே விடுபட்டது என்று ஒருவர் வாசித்தார். நீங்கள் பேச எழும்பியபோது கதிரைகள் வெறுமையாக இருந்தன. (எங்களூர் மதிப்பீட்டுரைகளின் நீளத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். ஏற்புரையை முதலில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?) அண்டைக்கு வந்த வெறுமைக்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

திகதியையும் பாருங்கள். ஒக்ரோபர் 30ஐ மரியாதைக்காகத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஆனால் இழப்பு நடந்த அதே நாளிலும் அதே பருவத்திலும் பழைய அறிகுறிகள் மேலே வருவது எங்கள் துறையில் நன்றாக அறியப்பட்ட விடயம். 1995இல் ஒலிபெருக்கி அறிவிப்போடு வலிகாமம் முழுவதும் கிளம்பி, செம்மணியாலும் நாவற்குழியாலும் நெரிந்து போன அந்த இரவும் மழை இரவு. நீங்கள் வெளியீட்டை வைத்ததும் மாரி தொடங்குகிற நேரம். அடுத்துக் கார்த்திகை வந்தது. ஊரே செத்தவர்களை நினைக்கிற மாதம் அது. பங்குனி வெயிலில் வெளியிட்டிருந்தால் இவ்வளவு அடி விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கின் கூட்டு உளவடுவைப் பற்றி 2007இல் எழுதியபோது, போர் ஒரு சமூகத்தில் விட்டுச்செல்லும் அடையாளங்களில் சந்தேகத்தையும், எல்லோரும் சேர்ந்து காக்கிற மௌனத்தையும் குறிப்பிட்டார். எங்கள் சனம் ஒரே பாலத்தைக் கடந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிக் கடந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. ஒருத்தி பகிரங்கமாகச் சொல்லிவிட்டாள் என்றதும், அவளிடம் சொல்லலாம் என்று நம்பி வருகிறார்கள். அவர்கள் வருவது நல்ல அறிகுறி. அதற்காக அவ்வளவு பேரையும் நீங்கள் கேட்டுத் தீர்க்க வேண்டும் என்றில்லை. இதையே தொழிலாகச் செய்யும் நாங்களும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எல்லை வைத்திருக்கிறோம். கேட்டதை இறக்கி வைக்க எங்களுக்கும் ஒரு மூத்தவர் இருக்கிறார். உங்களுக்கு இரண்டும் இல்லை.

ஆகவே ஒரு நாளை ஒதுக்குங்கள். ஞாயிறு பின்னேரம் என்று வையுங்கோவன். விறாந்தையில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது, ஒரு மணித்தியாலம். மற்ற நாளில் வருபவர்களிடம் ‘ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, ஆறுதலாகக் கதைப்பம்’ என்று மகனோ மருமகளோ படலையில் வைத்தே சொல்லட்டும். தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பீர்கள். ஊர் ஏற்கெனவே இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, மூன்றாவதாக இதையும் சொல்லட்டும். வருபவர்களுக்கு ஒரு ரீச்சர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு எண்பது பக்கக் கொப்பி கொடுத்து, ‘இப்ப சொன்னதை இதில எழுதுங்கோ’ என்று சொல்லுங்கள். திருத்தித் தருவதாகச் சொல்லாதீர்கள். நெஞ்சு கனத்துத் தளும்பிக்கொண்டு வருபவரைப் பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் அனுப்பலாம்.

உறவுக்காரரின் கோபத்துக்குப் போகிறேன். எங்களுக்கு வாழ்க்கை வரலாறு வாசித்த பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலரில் இருந்து. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு வீட்டுக்கு வரும் அந்தச் சின்னப் புத்தகத்தில் குடும்ப மரம் இருக்கும், தேவாரம் இருக்கும், மருமக்களின் இரங்கலுரை இருக்கும். அதில் யாருக்கும் ஒரு குறை கிடையாது. கடன் வாங்கித் திருப்பித் தராத மாமாவும் அங்கே ‘வாரி வழங்கிய வள்ளல்’ ஆகிவிடுவார். உங்கள் உறவுக்காரர் உங்கள் புத்தகத்தை அந்தக் கண்ணோடுதான் திறந்திருப்பார்கள்: எங்கட குடும்பம் எத்தனையாம் பக்கத்தில? அங்கே உண்மை இருந்ததும் அவமானப்படுத்தியதாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஒரு மலர், நீங்கள் கொடுத்தது வேறு. இதற்காக அவர்களோடு வாதாட வேண்டாம். வேண்டாதவர்கள் ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள், வேண்டியவர்கள் இரண்டாந்தரம் வாசிப்பார்கள்.

மச்சானின் வழக்குக்கு வருவோம். நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இதில் பயந்துபோய் வருபவர்களைக் கண்டிருப்பதால் பொதுவான இரண்டு விடயத்தை மட்டும் சொல்கிறேன். இலங்கையில் அவதூறைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதனால் அவதூறுக்காகப் பொலிஸ் வந்து பிடிக்கும் என்று இரவில் விழித்திருக்க வேண்டாம். நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போட இடமுண்டு. அங்கே ‘உண்மையைத்தான் எழுதினேன்’ என்பது மட்டும் போதாது, அதை வெளியிட்டதில் பொது நன்மை இருந்ததா என்பதையும் பார்ப்பார்கள். அவர் ஆட்சேபிக்கும் பக்கத்தை ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வட்ஸ்அப்பில் அவருக்கு ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இயக்கத்தைக் குறைத்தீர்கள், கூட்டினீர்கள் என்பவர்களுக்குப் பதில் எதுவும் தேவையில்லை. அந்த வாதம் உங்கள் புத்தகத்துக்கு முன்னமே நடந்துகொண்டிருந்தது. அடுத்த புத்தகம் வந்ததும் அங்கே போய்விடும்.

தங்கச்சியின் விடயம் அப்படி இல்லை. அந்த வசனம் உண்மை. அம்மா போனபோது அவள் பக்கத்தில் இல்லை. முப்பது வருடமாக அந்த உண்மை அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இப்போது அவளுடைய மாமிக்கும், ரொறன்ரோ ஸ்காபரோவில் கோயிலுக்கு வரும் ஊர்ச்சனத்துக்கும் தெரிகிறது. உங்கள் புத்தகத்தில் நீங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் வாழ்கிறீர்கள். பிள்ளையாக, ரீச்சராக, பயந்தவளாக, துணிந்தவளாக. அவளுக்கு அங்கே கிடைத்தது ‘பக்கத்தில் இல்லாதவள்’ என்ற ஒரு இடம் மட்டும்.

அதோடு இன்னொரு கேள்வி. அம்மா போனது அவளுக்கு எப்போது தெரிந்தது? 1995இல், வன்னிக்குப் போகும் தரைவழியான ஆனையிறவு ஆமியின் கையில். சாவகச்சேரி இருக்கிற தென்மராட்சியில் இருந்து வன்னிக்குப் போக வழி கிளாலிக் கடல்நீரேரி. செய்தியும் அந்த வழியால்தான் போயிருக்க வேண்டும், வள்ளத்தில், யாரோ ஒருவரின் வாயில் அல்லது மடித்த கடதாசியில். எரித்து எத்தனை நாளின் பின் அவள் அறிந்தாள்? கைக்குழந்தையோடு எந்தப் பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்து அதைக் கேட்டாள்? அந்தக் குழந்தை அண்டைக்குப் பால் குடித்ததா? உங்கள் கடிதத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. புத்தகத்திலும் இருக்காது என்று ஊகிக்கிறேன். அப்படியானால், நீங்கள் அவளிடம் கேட்டதில்லை.

அவளுக்கு எழுதுங்கள். தொலைபேசி வேண்டாம். குரல் தடித்தால் இருவரும் பழைய சண்டைக்குப் போய்விடுவீர்கள். சித்தப்பாவைத் தூது விடவும் வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயத்தை உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த வரியில் ‘ஆனால்’ வரக்கூடாது. பிறகு மேலே உள்ள கேள்வியைக் கேளுங்கள்: அண்டைக்கு நீ எங்க இருந்தனி, எப்ப அறிஞ்சனி? அதோடு நிறுத்துங்கள். மன்னிப்பு உடனே வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் அது வற்புறுத்தல். மறுமொழி மூன்று மாதம் வராமல் இருக்கலாம், நாலு வரியில் திட்டி வரலாம். திட்டி வந்தாலும் பரவாயில்லை, கதைக்கத் தொடங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புத்தளத்துக் கடிதத்துக்கும் பதில் எழுதுங்கள். நீங்கள் பட்டியலிட்டவற்றில் தங்கச்சிக்கு அடுத்ததாக நான் வைப்பது அதைத்தான். யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி இயக்கம் சொன்னது 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி. நீங்கள் பாலம் கடந்ததற்குச் சரியாக ஐந்து வருடத்துக்கு முன், அதே திகதி. அவ அதை உங்களுக்குச் சுட்டிக் காட்டவில்லை, பாருங்கள். ‘நாங்கள் இல்லை’ என்பதோடு நிறுத்தியிருக்கிறா. தூற்ற வந்தவர்கள் அவ்வளவு அடக்கமாக எழுதுவதில்லை. உங்கள் புத்தகத்தைக் கவனமாக வாசித்த ஒருவர், தன் வீட்டை அதில் தேடிப் பார்த்திருக்கிறார்.

நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களுக்கும், எழுதாமல் விட்டவர்களுக்கும்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்பது என் எண்ணம். வாசித்த மற்ற எல்லோருக்கும் புத்தகமே பதில். அவவுக்கு என்ன எழுதுவது? அந்தக் கிழமை உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். உங்களுக்கு அப்போது இருபத்தாறு வயது. வகுப்பில் கதிரைகள் வெறுமையானதா? தையல்காரரின் கடை பூட்டிக் கிடந்ததா? அண்டைக்கு வீட்டில் என்ன கதைத்தீர்கள், அல்லது கதைக்காமல் விட்டீர்கள்? எதுவும் நினைவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அவ கேட்டது ஒரு பத்தி இல்லை.

இந்த இரண்டு கடிதத்தையும் இன்றைக்கே எழுத வேண்டாம். முதலில் நித்திரை.

அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டினால் நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நீங்கள் தாண்டிவிட்டீர்கள். கடிதத்தை வைத்து நான் நோய்க்குப் பெயர் வைக்கமாட்டேன். மழைச் சத்தத்தில் பாலத்தில் நிற்பது போல் இருப்பதையும், இரண்டு மணி முழிப்பையும், அந்த அறைக்குப் போகாமல் ஒதுங்குவதையும் யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ மனநலப் பிரிவில் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கிளினிக் வரிசையில் பழைய மாணவன் கண்டுவிடுவான் என்ற கூச்சம் இருக்கும். கண்டால் காணட்டும், அவனும் அங்கே எதற்கோதான் வந்திருப்பான். செத்தால் நல்லது என்ற எண்ணம் ஒருதரம் வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். இரவென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

அதுவரை, இரவு முழித்தால் படுக்கையில் கிடந்து புரளாமல் எழும்பி லைற்றைப் போட்டு, வெறுங்காலைச் சீமெந்து நிலத்தில் வையுங்கள். அறையில் கண்ணில் படுகிற சாமான்களை வாய்விட்டுப் பெயர் சொல்லுங்கள். இது 95 இல்லை என்று உடம்புக்குச் சொல்கிற வேலை இது. கைத்தொலைபேசி வேறு அறையில் தூங்கட்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். பின்னிரவில் புத்தகத்தைப் பற்றி வந்த எதையும் வாசிக்காதீர்கள், பாராட்டையும்தான்.

இருநூறு பிரதிகள் மிஞ்சியது தோல்வி இல்லை. எங்களூரில் ஐந்நூறு அடித்தவர்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே பாருங்கள், தெரியும். உங்கள் படுக்கையறைக்குப் பக்கத்தில் அவை இருக்கக்கூடாது, அவ்வளவுதான். யாரையாவது கொண்டு ஒரு பின்னேரத்தில் பெட்டியில் கட்டி வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். பொது நூலகத்துக்கும் பாடசாலை நூலகங்களுக்கும் கொடுப்பதைப் பிறகு பார்க்கலாம். விற்பனையை நிறுத்துவதா என்ற கேள்வியையும் அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். நித்திரை இல்லாத ஆள் எடுக்கிற முடிவு இல்லை அது.

ரொறன்ரோ வெளியீட்டுக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். அது தங்கச்சி இருக்கிற ஊர். அவளுடைய மறுமொழி வருமுன் அங்கே மண்டபம் எடுத்தால், நீங்கள் கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் பொய்யாகிவிடும். பழைய மாணவர்கள் விடமாட்டார்கள், ஒழுங்கு தொடங்கிவிட்டோம் என்பார்கள். ‘சித்திரை ஏலாது, பிறகு சொல்லுறன்’ என்று ஒரு வரி போதும். காரணம் கேட்டால் சுகமில்லை என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை.